சிம்னியில் ஏறி, கயிற்றில் இறங்கப் போகிறவருக்கு

கேள்வி: அடுத்த மாதம் அலுவலக நண்பர்களோடு ராமநகரத்தில் இரண்டு நாள் பாறையேற்றப் பயிற்சிக்குப் போகிறேன். இரண்டாம் நாள், ஆள் மட்டும் நுழையக்கூடிய ஒரு பாறைப் பிளவுக்குள் 15 மீட்டர் போல ஏற வேண்டுமாம். அதை 'சிம்னி' என்கிறார்கள். அப்புறம் பாறையின் மறுபக்கம் கயிற்றில் இறங்க வேண்டும். லிஃப்டில் கூட்டம் அதிகமானாலே எனக்கு மூச்சு முட்டும். உள்ளே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? கையில் பலமும் இல்லை, வயது 38. இறங்குவது சுலபம், ஜாலியாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வதால் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. போகலாமா?

பதில்:

போகலாம். ஆனால் போவதற்கு முன் உங்கள் பயத்தைக் கொஞ்சம் இடம் மாற்றி வைக்க வேண்டும். சிம்னிக்காக நீங்கள் சேர்த்து வைத்திருப்பதில் பாதியை எடுத்து, இறங்கும் கயிற்றுக்குக் கொடுத்துவிடுங்கள்.

பதினான்கு வருடமாகப் பெங்களூரைச் சுற்றியுள்ள பாறைகளில் ஏறி வருகிறேன். கடைசிச் சில வருடங்களில் என் ஞாயிற்றுக்கிழமைகள் பெரும்பாலும் புதிதாக வருகிறவர்களுக்குக் கயிறு பிடிப்பதில்தான் போகின்றன. சிம்னிக்குள் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். முழங்கை, முழங்கால் சிராய்ப்பைத் தாண்டி அங்கே அடிபட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை. கயிற்றில் இறங்கும்போதோ, சிரித்துக்கொண்டே ஆபத்துக்கு அருகில் போய்விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் போகும் இடம். ராமநகரம், பெங்களூரிலிருந்து மைசூரு போகும் சாலையில் ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் அந்த ஊருக்கு குளோஸ்பேட் என்று பெயர். புவியியல்காரர்கள் அந்தப் பாறையை இன்றும் குளோஸ்பேட் கிரானைட் என்றே சொல்கிறார்கள். அதன் வயது சுமார் 250 கோடி ஆண்டு. உங்களுக்கு உபயோகமான செய்தி என்னவென்றால், அதில் இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள் பெரிது பெரிதாக இருக்கின்றன. கையால் தடவினாலே சொரசொரப்பு தெரியும். நீங்கள் சிம்னியில் நிற்கப்போவது அந்தச் சொரசொரப்பின் தயவில்தான். அந்தப் பிளவும் யாரும் வெட்டியதல்ல. ஆழத்தில் உருவான கிரானைட்டில் விழுந்த விரிசலை, மழைநீரும் வெயிலும் காலம் காலமாக அகலப்படுத்தி, ஆள் நுழையும் அளவுக்குக் கொண்டுவந்திருக்கின்றன. உள்பக்கம் வெயில் படாததால் சில இடங்களில் பாசியும் புழுதியும் வௌவால் எச்சமும் இருக்கும். அங்கே மட்டும் சொரசொரப்பை நம்ப வேண்டாம். ஒருமுறை காலால் துடைத்துவிட்டு ஊன்றுங்கள்.

சரி, மூச்சு முட்டுவது. வெளியே நின்று பார்க்கும்போது சிம்னி ஒரு இருட்டுப் பொந்து மாதிரி தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் வேறு மாதிரி. லிஃப்டுக்கு நான்கு பக்கமும் சுவர். சிம்னிக்கு இரண்டு பக்கம்தான் சுவர். ஒரு பக்கம் வாசல் மாதிரி முழுக்கத் திறந்து, மேலே வானம் வரை வெளிச்சம் வந்துகொண்டே இருக்கும். காற்றும் வரும். முகத்தை அந்தத் திறப்பின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். ஹெல்மெட் போட்டபின் குறுகலான இடத்தில் தலையை இஷ்டத்துக்குத் திருப்ப முடியாது. ஆகவே எந்தப் பக்கம் பார்க்கப் போகிறீர்கள் என்பதை நுழைவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். முதுகை எந்தச் சுவரில் சாய்ப்பது என்பதையும் கீழேயே தீர்மானித்துவிட வேண்டும். கால் வைக்கப் படி போல ஏதாவது இருக்கும் சுவருக்குக் காலையும், வழவழப்பான சுவருக்கு முதுகையும் கொடுப்பது வழக்கம். பாதி வழியில் திரும்ப நினைத்தால் அதுதான் கஷ்டம்.

கையில் பலம் இல்லை என்கிறீர்கள். சிம்னி அதற்கு ஏற்ற இடம். சின்னக் குழந்தைகள் வாசல் நிலைக்குள் நின்று, இரண்டு பக்கச் சட்டத்திலும் காலை ஊன்றி, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிணறு தூர் வாருகிறவர்கள் உறைக்கிணற்றுக்குள் இரு பக்கமும் கால் பதித்து ஏறி வருவதையும் கிராமத்தில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். அதே வேலைதான். தொங்குவது, இழுப்பது எதுவும் இல்லை, அழுத்துவதுதான் எல்லாம். ஒரு சுவரில் முதுகு, எதிர்ச் சுவரில் பாதம், இரண்டுக்கும் நடுவே உங்கள் தொடை ஒரு முட்டுக்கட்டை. எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவு உராய்வு. தொடைத் தசைதான் உடம்பிலேயே பலமானது. வீட்டுப் படியேறும் எவருக்கும் அது போதுமான அளவு இருக்கிறது.

செய்முறை இப்படி. முதுகும் புட்டமும் பின்சுவரில். ஒரு பாதம் எதிர்ச் சுவரில், இடுப்பை விடச் சற்றுத் தாழ்வாக. மற்றக் காலை மடித்து, பாதத்தைப் புட்டத்துக்குக் கீழே பின்சுவரில் பதிக்க வேண்டும். உள்ளங்கைகளை இடுப்புக்கு அருகே பின்சுவரில், விரல்கள் கீழ்நோக்கி இருக்கும்படி வைக்கவும். தரையில் உட்கார்ந்திருப்பவர் கையை ஊன்றி எழுந்திருப்பது போல, கையையும் பின்காலையும் தள்ளினால் முதுகு சுவரை விட்டு லேசாக விலகி ஒரு சாண் மேலே போகும். உடனே முதுகைச் சாய்த்து அழுத்திக்கொள்ளுங்கள். இப்போது கால்களை மாற்றுங்கள்: முன்னால் இருந்தது பின்னுக்கு, பின்னால் இருந்தது முன்னுக்கு. மறுபடி ஒரு சாண். அவ்வளவுதான். 15 மீட்டரும் இந்த ஒரு சாண்தான், எழுபது எண்பது முறை.

புதியவர்கள் செய்யும் தவறு எப்போதும் ஒன்றே. அவசரத்தில் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி எதையாவது பிடிக்கத் தேடுவார்கள். கை மேலே போனதும் காலின் அழுத்தம் குறையும், வழுக்குவது போலத் தோன்றும், பயத்தில் இன்னும் மேலே தேடுவார்கள். கையை இடுப்புக்கு இறக்குங்கள். ஒரு கை எதிர்ச் சுவரையும் ஒரு கை பின்சுவரையும் தள்ளினாலும் சரி. இரண்டாவது தவறு, பயந்தவர்கள் பிளவின் உட்பக்கத்துக்கு, ஆழத்துக்கு, ஒதுங்கிப் போவது. உள்ளே போகப் போகப் பத்திரமாக இருப்பது போல மனதுக்குத் தோன்றும். ஆனால் உள்ளே போகப் போகக் குறுகும். குறுகினால் முழங்காலை மடிக்க முடியாது, மடிக்காமல் தள்ள முடியாது. வாசலுக்கு அருகிலேயே, கொஞ்சம் அகலமான இடத்திலேயே ஏறுங்கள். கீழே தெரிவது ஆரம்பத்தில் கலக்கமாக இருக்கும். ஆனால் அங்கேதான் உடம்புக்கு இடம் இருக்கிறது.

இதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. வேறெந்தப் பாறையேற்றத்திலும் புதியவருக்கு இது சுலபத்தில் கிடைக்காது. காலை நன்றாக ஊன்றிவிட்டால், 10 மீட்டர் உயரத்தில் இரண்டு கையையும் விட்டுவிட்டு உட்காரலாம். உண்மையாகவே நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி. நான் கயிறு பிடிக்கும்போது புதியவர்களை மூன்று மீட்டரிலேயே நிறுத்தி இதைச் செய்யச் சொல்வேன். கையை உதறுங்கள், மூக்கைத் துடையுங்கள், வெளியே தெரியும் மரத்தைப் பாருங்கள் என்பேன். தன் கால் தன்னைத் தாங்குகிறது என்பதை உடம்பு ஒருமுறை கண்டுகொண்டால், அப்புறம் பேச்சே வேண்டியதில்லை. உங்களுக்குக் கயிறு பிடிப்பவர் சொல்லாவிட்டாலும் நீங்களே கேட்டு இதைச் செய்துவிடுங்கள்.

மாட்டிக்கொண்டால்? மிகக் குறுகிய இடத்தில் நெஞ்சும் முதுகும் இரண்டு சுவரையும் தொடும். அங்கே மூச்சே உங்கள் பிரேக். மூச்சை இழுத்தால் மார்பு விரிந்து உடம்பு இறுகி நிற்கும். விட்டால் தளரும். ஆகவே இழுத்துக்கொண்டு ஓய்வெடுங்கள், விட்டபடி நகருங்கள். பதற்றத்தில் மூச்சை வேகமாக இழுத்து இழுத்து விடுகிறவர்கள்தான் 'மாட்டிக்கொண்டேன்' என்று கத்துவார்கள். பாறை அவர்களைப் பிடித்திருக்காது. அவர்களுடைய சொந்த மார்புக்கூடுதான் முட்டிக்கொண்டிருக்கும். அப்படி ஆனால் மேலே போராட வேண்டாம். முழுக்க மூச்சை விட்டு, ஒரு சாண் கீழே இறங்குங்கள். எந்த அகலத்தில் நுழைந்தீர்களோ அந்த அகலம் கீழே அப்படியே இருக்கிறது. பெரும்பாலும் சிக்கியிருப்பது உடம்பே அல்ல. இடுப்பிலும் தொடையிலும் கட்டும் ஹார்னஸ் பட்டையின் பக்கவாட்டில் தொங்கும் ஏதாவது ஒரு காரபினரோ (கயிறு மாட்டும் உலோகக் கொக்கி), பாக்கெட்டில் இருக்கும் செல்போனோதான். ஏறும் முன்பே பாக்கெட்டைக் காலி செய்துவிடுங்கள். பையை முதுகில் மாட்டிக்கொண்டு சிம்னிக்குள் போகவே கூடாது. கொண்டுபோயே ஆக வேண்டும் என்றால், ஹார்னஸிலிருந்து ஒரு ஸ்லிங்கில் (உறுதியான நாடா வளையம்) கட்டிக் காலுக்குக் கீழே தொங்கவிட்டுக் கொண்டு ஏறுவார்கள்.

1953 மே 29 அன்று எட்மண்ட் ஹில்லாரியும் டென்சிங் நோர்கேயும் எவரெஸ்ட் உச்சிக்குப் போகும் வழியில், கடைசியாகக் குறுக்கே நின்றது சுமார் 12 மீட்டர் உயரப் பாறைப் படி ஒன்று. பாறைக்கும் அதில் ஒட்டியிருந்த பனி விளிம்புக்கும் நடுவே ஓர் இடுக்கு இருந்தது. ஹில்லாரி அதற்குள் உடம்பைச் செருகி, முகம் பாறைப் பக்கம் இருக்க, காலணி முட்களைப் பின்னால் இருந்த பனியில் உதைத்து உதைத்து நெம்பி ஏறினார். பிறகு டென்சிங்குக்குக் கயிறு பிடித்தார். ராமநகரத்தில் நீங்கள் கற்றுக்கொள்ளப் போவதும் அந்த வித்தையின் உறவுதான். ஊன்றிய சுவர் பெயர்ந்துவிடுமோ என்ற பயம் உங்களுக்கு இல்லை, பனிவிளிம்பை நம்பி ஏறிய அவருக்கு அது இருந்தது.

ஏறும்போது மேலிருந்து வரும் ஒரு கயிறு உங்கள் ஹார்னஸில் கட்டப்பட்டிருக்கும். இதை டாப் ரோப் என்பார்கள். ஒருவர் அதை பிலே பிடிப்பார், அதாவது நீங்கள் ஏற ஏறத் தொய்வை எடுத்துக்கொண்டே இருப்பார். வழுக்கினால் ஒரு முழம்கூட விழமாட்டீர்கள். கயிற்றின் இழுவைக்குக் கொஞ்சம் இறங்கி நிற்பீர்கள். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு. கயிறு உங்கள் முகத்துக்கு முன்னால் போக வேண்டும், முதுகுக்கும் பாறைக்கும் நடுவே சிக்கக் கூடாது. தொய்வு கண்ணில் பட்டால் ஏறுவதை நிறுத்திவிட்டு 'டேக்' என்று சத்தமாகச் சொல்லுங்கள். 'ஸ்லாக்' என்றால் தளர்த்து, 'டேக்' என்றால் இறுக்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பிளவுக்குள் குரல் எதிரொலிக்கும். நீளமான வாக்கியம் எதுவும் வெளியே புரியாது.

மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அதை அனுபவியுங்கள். தண்ணீர் குடியுங்கள். அதே சமயம், இனிமேல்தான் கவனம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது உங்களைத் தாங்கியது முதலில் உங்கள் கால், அது தவறினால் கயிறு. இரண்டு காவல். இறங்கும்போது உங்கள் எடை முழுவதும் கயிற்றில், கயிறு ஆங்கரில், அதாவது மேலே பாறையில் அதைக் கட்டியிருக்கும் பிடிமானத்தில். வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் காவல் ஒன்றே ஒன்று. ஏறுவதில் செய்யும் பிழையை உடம்பு உடனே சொல்லிவிடும்: கால் நடுங்கும், வழுக்கும். இறங்கும் ஏற்பாட்டில் உள்ள பிழை சாய்ந்து உட்காரும் வரை எதுவும் சொல்லாது.

நீலகிரியில் குறும்பர்கள் மலைத்தேன் எடுக்க, காட்டுக்கொடியால் ஏணி பின்னி, செங்குத்தான பாறை முகத்தில் தொங்கி இறங்குவார்கள். மேலே கொடியைக் காவல் காப்பவராக இறங்குபவரின் மைத்துனரை, மனைவியின் உடன்பிறந்தவரை, வைப்பது வழக்கம் என்பார்கள். இறங்குபவர் விழுந்தால் தாலி இழப்பவள் காவல் காப்பவரின் சொந்த அக்காவோ தங்கையோ. இதைவிடத் தெளிவாக பிலேயைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. தேனெடுப்பவர்கள் மலையேறப் பயன்படுத்திய மூங்கில் கண்ணேணிக்கு 'மால்பு' என்று சங்கப் பாடல்களிலேயே பெயர் இருக்கிறது. கயிற்றையும் ஏணியையும் நம்பிப் பாறையில் தொங்குவது நம் பக்கத்துக்குப் புதிதல்ல.

ராப்பெல்லிங் என்று இன்று சொல்லும் இந்தக் கயிற்றிறக்க முறை ஆல்ப்ஸ் மலையில் பிறந்தது. சாமொனி ஊர் வழிகாட்டி ஜான் ஷார்லே 1876இல் பெத்தி துரு சிகரத்தில் ஏறும் முயற்சியில் இந்த இரட்டைக் கயிற்று முறையைக் கையாண்டார் என்பது வரலாறு. 1879இல் இன்னும் இருவரோடு உச்சியைத் தொட்டார். 'ராப்பெல்' என்றால் பிரெஞ்சில் திரும்ப அழைத்தல். கயிற்றை இரட்டையாகத் தொங்கவிட்டு இறங்கி, கீழே வந்தபின் ஒரு முனையை இழுத்துக் கயிற்றைத் திரும்பப் பெறுவதால் அந்தப் பெயர். அந்தக் காலத்தில் கருவி எதுவும் கிடையாது. பின்னாளில் கயிற்றைத் தொடைக்கடியில் கொடுத்து, மார்பின் குறுக்கே தோளுக்குக் கொண்டுபோய், உடம்பையே பிரேக்காக வைத்து இறங்கினார்கள். தோளும் தொடையும் எரியும்.

இப்போது அந்த எரிச்சலை ஒரு உலோகத் துண்டு வாங்கிக்கொள்கிறது. பயிற்சிகளில் பெரும்பாலும் எட்டு வடிவத்தில் இருக்கும் ஃபிகர் எயிட் தருவார்கள். (ஹார்னஸில் கயிறு கட்டும் முடிச்சுக்கும் இதே பெயர்; குழம்ப வேண்டாம்.) முரட்டுக் காளையின் கயிற்றைக் கட்டுத்தறியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால், சின்னப் பையன்கூட முனையைப் பிடித்துக் காளையை நிறுத்திவிடுவான். கருவியின் தத்துவம் அதுவே. கயிறு உலோகத்தில் வளைந்து போவதால் உங்கள் எடையின் பெரும்பகுதியை உராய்வு தாங்கிவிடுகிறது. மிச்சம்தான் உங்கள் கைக்கு. அந்தக் கை, கருவிக்குக் கீழே கயிற்றைப் பிடித்து இடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் கை, பிரேக் கை. அதை எதற்காகவும் விடக்கூடாது. கன்னத்தில் கொசு கடித்தாலும், நண்பர் போட்டோ எடுக்கக் கையாட்டச் சொன்னாலும் விடக்கூடாது. மேலே கயிற்றைப் பிடித்திருக்கும் கை வெறும் சமநிலைக்கு. பயத்தில் எல்லோரும் மேல் கையைத்தான் இறுக்கிப் பிடிப்பார்கள், அதில் எந்தப் பிரயோசனமும் இல்லை.

விளிம்பைத் தாண்டும் அந்த ஒரு அடி பற்றிச் சொல்ல வேண்டும். முதல் முறை அந்த இடத்தில் நான் எட்டு நிமிடம் நின்றேன். பாறைக்கு முதுகு காட்டாமல், பள்ளத்துக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். பிறகு பின்பக்கமாகச் சாய வேண்டும். உடம்பு பிறந்தது முதல் கற்ற எல்லாவற்றுக்கும் எதிரான காரியம் இது. உடம்பு என்ன செய்யச் சொல்லும் என்றால், முன்னால் குனிந்து பாறையைக் கட்டிக்கொள் என்று சொல்லும். அதைக் கேட்டால் எடை பாதத்திலிருந்து விலகி, கால் வழுக்கி, முழங்காலும் முகமும் பாறையில் இடிக்கும். சாய்ந்தால்தான் பாதம் பாறையில் ஒட்டும். அதனால் நடப்பதை யோசிக்காதீர்கள், உட்காருவதை யோசியுங்கள். விளிம்பில் நின்றபடியே புட்டத்தைப் பின்னுக்குத் தள்ளி, நாற்காலியில் அமர்வது போல ஹார்னஸில் எடையைப் போடுங்கள். ஹார்னஸ் தொடையில் இறுகுவது தெரியும். அந்த இறுக்கம் வந்தபிறகுதான் காலை நகர்த்த வேண்டும். கால்கள் தோள் அகலத்துக்கு விரிந்து, முழங்கால் லேசாக மடிந்து, பாதம் முழுதாகப் பாறையில் படும்படி. தலையைப் பிரேக் கைப் பக்கமாகத் திருப்பி, தோளுக்கு மேலாகக் கீழே பார்த்துக்கொண்டே சின்னச் சின்ன அடியாக இறங்குங்கள். இரண்டு மூன்று மீட்டர் இறங்கியபின் உடம்பு ஒத்துக்கொள்ளும். அங்கிருந்துதான் அந்த 'ஜாலி' ஆரம்பம். குதித்துக் குதித்து இறங்க ஆசை வரும். வேண்டாம். ஒவ்வொரு குதிப்பும் ஆங்கரை உலுக்கும், விளிம்பில் கயிற்றைத் தேய்க்கும். வேகமாக இறங்கினால் கருவியும் தொட முடியாத அளவுக்குச் சூடாகும்.

என் முதல் இறக்கத்தில் பாதி வழியில் டி-ஷர்ட்டின் விளிம்பு கருவிக்குள் இழுபட்டு இறுகிக்கொண்டது. மேலேயும் போக முடியாது, கீழேயும் போக முடியாது. அன்று எங்களை அழைத்துப்போன குழுவில் தனியாகப் பாதுகாப்புக் கயிறு போடும் வழக்கம் இல்லை. துணியைக் கிழித்துக்கொண்டுதான் இறங்கினேன். கிழியும் துணியாக இருந்தது என் நல்ல காலம். தலைமுடியாக இருந்திருந்தால் நிலைமையே வேறு. அதனால் சட்டையை ஹார்னஸுக்குள் நன்றாகச் செருகிக்கொள்ளுங்கள். நீளமான முடி இருந்தால் பின்னி, சட்டைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். துப்பட்டா, கழுத்துத் துண்டு, தொங்கும் சங்கிலி எதுவும் வேண்டாம்.

புதியவர் இறங்கும்போது இறங்கு கயிறு ஒன்று, அதோடு மேலிருந்து ஒருவர் பிலே பிடிக்கும் தனிக் கயிறு இன்னொன்று என இரண்டு இருக்க வேண்டும். பிரேக் கையை நீங்கள் விட்டே விட்டாலும் அந்த இரண்டாவது கயிறு தாங்கும். அல்லது கருவிக்குக் கீழே, கயிற்றைச் சுற்றி இறுகும் ஒரு நூல் முடிச்சு போட்டுத் தருவார்கள். ஆஸ்திரியாவின் கார்ல் புருசிக் 1931இல் வெளியிட்ட முடிச்சின் வம்சம் அது. கையை விட்டால் தானே இறுகி நிற்கும். இரண்டில் ஒன்றுகூட இல்லையென்றால் இறங்காதீர்கள். வந்த வழியே நடந்து இறங்கப் பாதை இருக்கிறதா என்று கேளுங்கள். ராமநகரத்துப் பாறைகள் பலவற்றில் இருக்கும். பணம் கட்டிவிட்டோமே, நண்பர்கள் பார்க்கிறார்களே என்று யோசிக்கும் இடம் அது அல்ல.

நீங்கள் நிபுணராக இல்லாவிட்டாலும் உங்கள் கண்ணாலேயே சரிபார்க்கக் கூடியவை சில இருக்கின்றன. ஆங்கரில் குறைந்தது இரண்டு போல்ட் இருக்க வேண்டும், ஒன்று போனால் இன்னொன்று தாங்கும்படி இரண்டும் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரே ஒரு போல்ட்டிலோ, ஒரு புதரிலோ கட்டியிருந்தால் கேள்வி கேளுங்கள். கயிற்றின் இரண்டு முனையும் தரையைத் தொடுகிறதா என்று கீழே இருப்பவர் சத்தமாகச் சொல்ல வேண்டும். முனைகளில் முடிச்சு இருக்க வேண்டும். கயிறு தீர்ந்துபோனது தெரியாமல் முனையைத் தாண்டி இறங்கி விழுந்திருக்கிறார்கள், பழுத்த அனுபவசாலிகள் உட்பட. ஒரு சாதாரண முடிச்சு அதைத் தடுத்துவிடும். பிறகு உங்கள் ஹார்னஸ் பக்கிள், காரபினரின் பூட்டு இரண்டையும் பயிற்சியாளர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், நீங்களும் தொட்டுப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்ப்பது போதாது. காரபினரை அழுத்திப் பாருங்கள், திறக்கக் கூடாது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. விளிம்பில் நிற்கும்போது உங்களை ஆங்கரோடு ஒரு சின்ன ஸ்லிங் பிணைத்திருக்கும். அதைக் கழற்றும் முன்பே, அது மாட்டியிருக்கும்போதே, இறங்கு கயிற்றில் உட்கார்ந்து எடையைப் போட்டுப் பாருங்கள். கருவி சரியாகப் பிடிக்கிறதா, காரபினர் குறுக்காகத் திரும்பவில்லையா, பிரேக் கை தாங்குகிறதா என்று எல்லாம் அந்த ஐந்து வினாடியில் தெரிந்துவிடும். தவறு ஏதும் இருந்தால் ஸ்லிங் உங்களைப் பிடித்துக்கொள்ளும். சரியாக இருந்தால் மட்டும் ஸ்லிங்கைக் கழற்றலாம். பதினான்கு வருடம் ஆகியும் நான் ஒருமுறைகூட இதைத் தவிர்ப்பதில்லை.

பாறையைத் தவிர இன்னொரு ஆபத்து உண்டு: மலைத்தேனீ. அந்தப் பக்கத்துப் பாறைகளில் முறம் முறமாகக் கூடு தொங்கும். வாசனைத் தைலம் பூசிக்கொண்டு போகாதீர்கள், யாரும் புகை பிடிக்க விடாதீர்கள், கூட்டுக்கு அருகே கூச்சல் வேண்டாம். பயிற்சி நடத்துபவர்கள் அன்று காலையே பாறையைச் சுற்றி வந்து கூடு இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். பார்த்தார்களா என்று கேளுங்கள். ராமதேவர பெட்டா பக்கம் பாறுக் கழுகுகளுக்கென்று 2012இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் இருக்கிறது. அந்தப் பாறைகளில் அவை கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன, நாம் ஏறக் கூடாது. கழுகு வட்டமிடுவதை தூரத்திலிருந்து பார்க்கக் கிடைத்தால் பாருங்கள்.

உடை: முழுக்கை, தடித்த பேன்ட். சிம்னியில் முழங்கை தோலுரிவது நிச்சயம். முழங்கால் பட்டை இருந்தால் கொண்டுபோங்கள். இறங்குவதற்குத் தோல் கையுறை நல்லது. மோதிரம், கைக்கடிகாரம் வீட்டிலேயே இருக்கட்டும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பாறை இதமாக இருக்கும். மற்ற மாதங்களில் பதினோரு மணிக்கே தொட முடியாமல் சுடும், அதனால் விடியற்காலையில் தொடங்கச் சொல்லுங்கள். காலையில் இட்லி போல லேசாக ஏதாவது சாப்பிடுங்கள்; வெறும் வயிற்றோடு ஏறினால் மேலே போனதும் கால் நடுங்கும், அதைப் பயம் என்று தவறாக எடுத்துக்கொள்வீர்கள். திங்கட்கிழமை தொடையும் தோள்பட்டையின் பின்பக்கமும் வலிக்கும். உள்ளங்கையை விட முதுகில் சிராய்ப்பு அதிகம் இருந்தால் சிம்னியில் சரியாக ஏறினீர்கள் என்று அர்த்தம்.

கீழே கால் பதிந்ததும் உற்சாகத்தில் உடனே நண்பர்களிடம் ஓடிவிடாதீர்கள். முதலில் நன்றாகத் தரையில் நில்லுங்கள், கருவியைக் கழற்றுங்கள் (சூடாக இருக்கும்), பாதுகாப்புக் கயிற்றை அவிழுங்கள், பாறையடியிலிருந்து கல் விழ முடியாத தூரத்துக்கு நகருங்கள். அப்புறம் மேலே பார்த்து 'ரோப் ஃப்ரீ' என்று சத்தமாகக் கூப்பிடுங்கள். விளிம்பில் அடுத்தவர் முதுகைக் காட்டிக்கொண்டு அந்தக் குரலுக்காகத்தான் நின்றுகொண்டிருப்பார்.